விரிகுடாவின் நாடி பார்ப்போர்

மாலை வேளையிலே வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் காற்று வாங்க வருவோர் பலர். புகையிரதப் பாதையைக் கடந்து, கருங்கற்களின்மேல் அமர்ந்து, அலைகள் மோதிச் சிதறுவதை அவர்கள் கண்கொட்டாமற் பார்த்திருப்பர். ஆயினும் அவர்கள் காண்பது கடலின் இயக்கங்களுள் ஒன்றை மட்டுமே. அலை கரையை நோக்கி விரைகின்றது. ஆனால் ஆழ்கடலிலே அவ்வலைக்குரிய நீர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே எழுந்து தாழ்கின்றது. வயலிலே காற்று வீசுங்கால் நெற்பயிர் அலையலையாய்ச் சாய்வதைப் பார்க்கிறோம், பயிர் இடம்பெயர்வதில்லை. அது போன்றதே இதுவும். நீரைத் திரள் திரளாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஈர்த்துச் செல்லும் வேறோர் இயக்கமும் கடலிலே உண்டு. அதுவே நீரோட்டம்.

கரிகாற் சோழனை விளித்துப் பாடிய வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல் கொண்டு கலஞ் செலுத்தியவரின் வழித்தோன்றல் என அவனைப் புறநானூற்றிலே போற்றுகின்றார். காற்று மேனியிலே படும், பாயிலே தெரியும். நீரோட்டமோ தன்மேல் மிதக்கும் கலத்தையும் தன்னோடு கொண்டே செல்வதால், நடுக்கடலிலே நிற்பவனுக்கு அது தெரிவதேயில்லை. கரையோ நட்சத்திரமோ துணை செய்தாலன்றி, தான் நகர்கின்றோம் என்பதையே அவன் உணரான்.

நெடுநாட் பழக்கத்தால் அதனை உணர்ந்துகொண்டவர்கள் மீனவர்கள். தமிழ்நாட்டுக் கரையிலே அவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பர். தெற்கேயிருந்து வடக்கே செல்வது சோநீவாடு. வடக்கேயிருந்து தெற்கே இழுப்பது வாநீவாடு. சோழகம், வாடை என்னும் காற்றுப் பெயர்கள் நம் யாழ்ப்பாணத்துக் கடலோடிகளுக்கும் உரியவை. அவற்றின் முதலெழுத்துக்களே நீவாட்டுக்கு அடைமொழிகளாயின போலும். வலையின் சாய்விலும், தூண்டிற் கயிற்றின் இழுப்பிலும், நீரின் நிறத்திலும் அறிந்த இவ்வியக்கத்தை, இன்று கரையிலே நட்ட கம்பங்களின் துணையால் மணிக்கு மணி படமாக வரைகிறார்கள் விஞ்ஞானிகள். அப்படத்தை இணையத்தளத்திலே உலகம் காண்கின்றது. அதனை வரைவோர் யார், வரையுங் கருவி யாது, வரைந்த படம் யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

ஏன் வேண்டும் இப்படம்?

எஞ்சின் பழுதுபட்ட படகொன்றை நினைத்துக்கொள்வோம். நீரோட்டம் மணிக்கு 1 கடல்மைல் வேகத்திலே சென்றால், ஒரு நாளிலே அப்படகு 24 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 44 கிலோமீற்றர் இழுபட்டுவிடும். தேடிச் செல்வோர் ஓட்டத்தின் திசையை அறியாராயின், 44 கிலோமீற்றர் ஆரையுள்ள வட்டம் முழுவதையும் துருவவேண்டும். அதன் பரப்பு 6,000 சதுர கிலோமீற்றருக்கு மேல்; யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல ஏறத்தாழ 6 மடங்கு. திசையை அறிந்தாலோ, தேடவேண்டிய பரப்பு ஒரு சிறு துண்டாகச் சுருங்கிவிடும். அதற்குள் படகிலுள்ளோரின் குடிநீர் தீர்ந்துவிடாமலும் இருக்கும். நீரோட்டப் படத்தின் பயன் இதுதான். அது உயிரோடு கணக்குப் பார்க்கும் படம்.

கொழும்பு மக்கள் இதனை வேறொரு விதத்திலே அறிந்தார்கள். 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பலிலே தீ மூண்டது. பல நாள் எரிந்து அக்கப்பல் மூழ்கியது. அதிலே ஏற்றப்பட்டிருந்த பொருள்களுள் பிளாஸ்ரிக் மணிகள் மட்டும் ஏறத்தாழ 1,680 தொன். பருப்பளவான அவ்வெண்மணிகள் கடலிலே கலந்து, நீர்கொழும்புக் கரையிலும் அதற்குத் தெற்கேயும் மணலோடு மணலாய்க் குவிந்தன. நாளை அவை எந்தக் கரையிலே ஒதுங்கும் என்பதே அந்நாட்களில் எல்லோரும் எழுப்பிய வினா. காற்றும் நீரோட்டமும் அறிந்தவரன்றி வேறெவரும் அதற்கு விடை கூற இயலாது.

கப்பற் குறிப்பிலிருந்து வானொலி வரை

நீரோட்டத்தை அளக்க முன்னோர் கொண்ட வழி எளியது. கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு, அது இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருத்தல் வேண்டும் என மாலுமி கணிப்பான். பின்னர்ச் சூரியனையோ நட்சத்திரத்தையோ நோக்கி உண்மையான இடத்தை அறிவான். இரண்டுக்குமுள்ள வேறுபாடு நீரோட்டத்தின் செயல் எனக் கொள்ளப்பட்டது. வங்காளத்திலே நில அளவையாளர் தலைவராகப் பணிபுரிந்த ஜேம்ஸ் ரெனல் என்னும் ஆங்கிலேயர், ஓய்வு பெற்றபின் நூற்றுக்கணக்கான கப்பற் குறிப்பேடுகளை ஒப்புநோக்கி அத்திலாந்திக் சமுத்திரத்தின் நீரோட்டங்களை ஆராய்ந்தார். 1830இல் அவர் மறைந்தார். அவருடைய நூலை 1832இல் அவர்தம் மகள் வெளியிட்டார். இம்முறையிலே ஒரு குறை உண்டு. பல ஆண்டுக் குறிப்புக்களின் சராசரியை அது தரும். இன்று காலை கடல் எப்பக்கம் ஓடுகின்றது என்பதைத் தராது.

அந்தக் குறையைத் தீர்த்த வழி, கடலோடு தொடர்பற்றதுபோலத் தோன்றும் ஒரு துறையிலிருந்து வந்தது. 1955ஆம் ஆண்டிலே நியூசீலாந்தைச் சேர்ந்த டொக்ளஸ் குரொம்பி என்பவர், கடலின்மேற் செலுத்திய வானொலி அலைகள் எதிரொலித்துத் திரும்புவதை ஆராய்ந்தார். கடலிலே சிறிதும் பெரிதுமாய் எத்தனையோ அலைகள் உள. எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி குழம்பிக் கிடத்தல் வேண்டுமன்றோ? அவர் கண்டதோ தெளிவான, கூரிய ஒரு குறி. வானொலி அலையின் நீளத்திலே சரிபாதி நீளமுடைய கடலலைகள் மாத்திரம் ஒன்றோடொன்று இசைந்து எதிரொலியை வலுப்படுத்துகின்றன என்பதை அவர் உய்த்துணர்ந்தார். பளிங்குகளினுள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்து, 1915இல் நோபெல் பரிசு பெற்ற பிராக் என்னும் தந்தையும் மகனும் வகுத்த விதியே இங்கும் செயற்படுகின்றது. பளிங்கிலே அணுவரிசை, கடலிலே அலைவரிசை. வேறுபாடு அவ்வளவே.

மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கத்தக்க ஓர் உதாரணம் தருவோம். வானொலி அலை செக்கனுக்கு 3 இலட்சங் கிலோமீற்றர் செல்வது. 5 மெகா ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணிலே அதன் அலைநீளம் 60 மீற்றர். ஆகவே 30 மீற்றர் நீளமுள்ள கடலலைகளே அதற்கு ஏற்ற எதிரொலி தரும். ஆழ்கடலிலே 30 மீற்றர் நீளமுள்ள அலை செக்கனுக்கு ஏறத்தாழ 6.8 மீற்றர் வேகத்திலே செல்லும். இது இயற்கை விதி. நெருங்கிவரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்தும் விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் ஒலிப்பதுபோல, நெருங்கும் அலையிலே பட்ட எதிரொலியின் அதிர்வெண் சற்று உயரும். இதனையே டொப்ளர் விளைவு என்கிறோம். அந்த உயர்விலிருந்து அலையின் வேகம் தெரியவரும். அளந்த வேகம் 6.8 ஆக இராது 7.3 ஆக இருந்தால், மிகுந்துள்ள 0.5 மீற்றர் எங்கிருந்து வந்தது? அலையைத் தாங்கிச் செல்லும் நீர் தானும் செக்கனுக்கு அரை மீற்றர் நகர்கின்றது என்பதே விடை. கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம், கண்ணுக்குத் தெரியும் அலையின் வேகத்திலே ஒளிந்திருந்து இவ்வாறு வெளிப்படுகின்றது.

குரொம்பி கண்ட உண்மையை அளக்குங் கருவியாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான டொன் பரிக். 1970களிலே அமெரிக்க அரசின் சமுத்திர, வளிமண்டல ஆய்வு நிறுவனத்திலே அவரும் அவர்தம் கூட்டாளிகளும் கோட்பாட்டை வகுத்துக் கருவியைச் செய்தார்கள். றேடார் கொண்டு கடலின் மேற்பரப்பு நீரோட்டத்தைப் படமாக வரைந்த செய்தியை 1977இல் சயன்ஸ் என்னும் சஞ்சிகையிலே வெளியிட்டார்கள். இன்று அமெரிக்கக் கரையெங்கும் இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் உள. 2007ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி மூடுபனியிலே ஒரு சரக்குக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பாலத்துக் காலிலே மோதி, 50,000 கலனுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கொட்டியது. அந்த எண்ணெய் எப்பக்கம் பரவும் எனக் கணிப்போருக்கு அவ்விரிகுடாவின் நீரோட்டப் படமும் துணைநின்றது.

கடலூரும் கல்பாக்கமும்

இனி நம் அயலிலுள்ள பெருவிரிகுடாவுக்கு வருவோம். வங்காள விரிகுடாவைப்போல விந்தையான நீரோட்டமுடைய கடல் உலகிலே சிலவே. இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகச் செல்லும் நீரோட்டம் ஆண்டிலே இருமுறை திசை மாறுவது. மாசி தொடங்கி வைகாசி வரை பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே தெற்கு நோக்கித் திரும்பி, வங்காளத்துப் பேராறுகள் கொட்டிய உவர்ப்புக் குறைந்த நீரை நம் தீவை நோக்கிக் கொண்டுவரும். சோநீவாடு, வாநீவாடு என மீனவர் இட்ட பெயர்கள் இப்பேரியக்கத்தையும் தழுவி நிற்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும்.

சென்னையிலே 1993இல் நிறுவப்பட்ட தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம், 2008ஆம் ஆண்டளவிலே தொடங்கி இந்தியக் கரையோரத்திலே இந்த றேடார் நிலையங்களை இணை இணையாக நிறுவியது. குஜராத்தில் ஓரிணை, ஒடிசாவில் பூரியும் கோபால்பூரும், ஆந்திரக் கரையிலே மசூலிப்பட்டினமும் யானமும், தமிழ்நாட்டிலே கல்பாக்கமும் கடலூரும், அந்தமான் தீவுகளிலே மற்றோரிணை. ஆக ஐந்து இணைகள், பத்து நிலையங்கள். இவற்றின் வரலாற்றையும் பயனையும் அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஜெனாவும் அவர் குழுவினரும் அமெரிக்க வானிலைக் கழகத்தின் சஞ்சிகையிலே 2019இல் விரிவாக எழுதியுள்ளனர். நிலையங்களிலிருந்து வரும் அளவைகள் சென்னைக்கும், 1999இல் ஐதராபாத்திலே தொடங்கப்பட்ட இந்திய தேசிய சமுத்திரத் தகவல் சேவை மையத்துக்கும் செல்லும். அங்கிருந்தே படம் இணையத்தளத்துக்கு வரும்.

நிலையங்கள் இணையாக இருப்பதேன்? ஒரு நிலையம் தன்னை நோக்கி வரும் ஓட்டத்தையும் தன்னை விட்டு விலகும் ஓட்டத்தையும் மாத்திரமே அறியும். குறுக்கே செல்லும் நீர் அதன் கண்ணிலே படாது. வீதியின் முனையிலே நிற்பவன் தன்னை நோக்கி வரும் வண்டியின் வேகத்தை மதிக்கலாம். குறுக்குத் தெருவிலே போவதை அறியான். குறுக்குத் தெருவின் முனையிலும் ஒருவனை நிறுத்தி, இருவர் சொல்வதையும் சேர்த்தால் உண்மை புலப்படும். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் இடைத்தூரத்திலே நிற்கும் கல்பாக்கமும் கடலூரும் அத்தகைய இரு சாட்சிகள். அவை கரையிலிருந்து 200 கிலோமீற்றர் வரை கடலைத் துருவி, 6 கிலோமீற்றருக்கு ஓர் அம்புக்குறியாக நீரின் திசையையும் வேகத்தையும் பதிகின்றன. இரு நிலையங்களையும் இணைக்கும் நேர்கோட்டை அடுத்த நீரிலே மட்டும் இருவர் சாட்சியமும் ஒன்றாகிவிடுவதால் அங்கே படம் நம்பத்தக்கதன்று. இத்தகைய இடங்களை வெற்றிடமாக விடுவதே நேர்மையான படத்தின் இலக்கணம்.

கருவியின் தோற்றமோ மிக எளியது. கடலோரத்திலே சில கம்பங்கள். அருகே குளிரூட்டிய ஒரு சிற்றறை. அதனுள்ளே கணினியும் மின்கலங்களும். சுழலுந் தட்டு ஒன்றுமில்லை. ஆயினும் அதனைப் பேணுதல் எளிதன்று. உப்புக்காற்று கம்பிகளை அரிக்கும், மின்சாரம் தடைப்படும், புயல் கம்பத்தை வளைக்கும். இரவிலே வானத்தின் அயனமண்டலத்திலிருந்து தெறித்து வரும் தொலைநாட்டு வானொலி இரைச்சல், றேடாரின் எட்டத்தைக் குறுக்கும். கம்பத்தின் அருகே புதிதாக ஒரு வேலியோ கட்டடமோ எழுந்தால், அது திசையைப் பிழைபட உணரும். அதனைத் திருத்துவதற்கு, விடையிறுக்கும் சிறு கருவியொன்றைப் படகிலே ஏற்றி, நிலையத்தைச் சுற்றிக் கடலிலே அரைவட்டமாகச் செலுத்துவார்கள். படகு உண்மையில் நிற்கும் திசையையும் றேடார் சொல்லும் திசையையும் ஒப்பிட்டுத் திருத்துவார்கள். அலையிலே ஆடும் படகிலே தலைச்சுற்றலோடு அமர்ந்து இக்காரியத்தைச் செய்யும் தொழில்நுட்பவியலாளரின் பெயர் படத்தின் எந்த மூலையிலும் காணப்படாது. எனினும் ஒவ்வோர் அம்புக்குறியின் நேர்மைக்கும் அவரே பொறுப்பாளி.

இவ்வாறு பெற்ற படங்கள் பழைய நூல்கள் சொல்லாத பலவற்றைச் சொல்லின. கரையோர நீரோட்டம் ஓர் ஆறுபோல ஒரே சீராக ஓடும் என எண்ணியிருந்த இடத்திலே, கடலூருக்கும் கல்பாக்கத்துக்கும் எதிரே சுழல்கள் பல தோன்றி, நகர்ந்து, மறைவதை ஆய்வாளர் கண்டனர். 2013ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 12ஆந் திகதி பைலின் என்னும் பெரும்புயல் கோபால்பூர் அருகே கரையேறியபோது, கடல் எவ்வாறு கொதித்தெழுந்தது என்பதை இந்த றேடார்கள் பதிந்தன. எந்தக் கப்பலும் செல்லத் துணியாத வேளை அது. 2011 மார்ச்சில் ஜப்பானிலே எழுந்த ஆழிப்பேரலையை அந்நாட்டிலும் கலிபோர்னியாவிலுமுள்ள இத்தகைய றேடார்கள் உணர்ந்தமையும் பதிவாகியுள்ளது.

நமது கரை

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே சென்றால் மட்டக்குளி வரும். அங்கே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்த காக்கைதீவிலே, நாரா எனச் சுருக்கிச் சொல்லப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம் அமைந்துள்ளது. 1981இல் தோன்றிய அந்நிறுவனம் நம் கடலின் மீன்வளத்தையும் நீரின் இயல்பையும் ஆராய்ந்து வருவது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியை ஆராய வந்த பன்னாட்டு ஆய்வுக் குழுக்களோடும் அது சேர்ந்து உழைத்தது. அவ்வாய்வுகளில் முன்னின்றவர்களுள் ஒருவர், அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திலே பணிபுரிந்த ஹேமந்த விஜேசேகர. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே நம் தீவுக்குக் கிழக்கே நீரோட்டமும் உவர்ப்பும் எவ்வாறு மாறுகின்றன என்பது பற்றி அவரும் பிறரும் எழுதிய கட்டுரை 2015இல் வெளிவந்தது.

எக்ஸ்பிரஸ் பேர்ள் விபத்தின்போது, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கரையோரச் சமுத்திரவியற் பேராசிரியரும் இலங்கையருமான சரித பட்டியாராச்சி, கணினி மாதிரியின் துணைகொண்டு பிளாஸ்ரிக் மணிகள் செல்லும் வழியைக் கணித்தார். காற்று, வற்றுப்பெருக்கு, வெப்பம், உவர்ப்பு ஆகியவற்றைச் சமன்பாடுகளிலே இட்டு, நாளைய நீரோட்டத்தை முன்னறிவிப்பது கணினி மாதிரி. றேடார் செய்வது வேறு: இப்போது ஓடும் நீரை அது நேரே காண்கின்றது. வைத்தியன் நாடி பிடித்துப் பார்ப்பது ஒன்று. நோயின் போக்கை நூலறிவால் ஊகிப்பது மற்றொன்று. இரண்டும் வேண்டும். நாடி பாராத ஊகம் பிழைபடலாம். ஊகமற்ற நாடி நாளையைச் சொல்லாது.

கடலூருக்கும் நம் பருத்தித்துறைக்கும் இடைத்தூரம் நேர்கோட்டிலே 200 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதாவது, கடலூர்க் கம்பத்தின் பார்வை தேய்ந்து முடியும் எல்லையிலே நம் வடகடல் தொடங்குகின்றது. கொழும்பின் மேற்கடலோ அப்பார்வைக்கு முற்றிலும் அப்பாற்பட்டது. நீரோட்டத்துக்கு நாட்டெல்லை இல்லை. கருவியின் எட்டத்துக்கு எல்லை உண்டு. உலகின் சுறுசுறுப்பான கப்பற் பாதைகளுள் ஒன்று நம் தென்கரையை ஒட்டிச் செல்கின்றது. நம் மீனவரின் நெடுநாட் படகுகள் வாரக்கணக்கிலே ஆழ்கடலிலே தங்குகின்றன. இந்நிலையிலே நம்முடைய நீரின் நாடியை நாமே பார்க்கும் ஆற்றலை வளர்த்தல் ஆடம்பரமன்று. கலங்கரை விளக்கத்தைப்போல இன்றியமையாத தேவை.

படமும் குரலும்

இனி, இவை எல்லாவற்றினும் மேலான வினா ஒன்று உண்டு. படம் யாருக்காக? ஐதராபாத்திலே மிளிரும் அம்புக்குறிகள் கட்டுமரத்திலே நிற்பவனின் காதுக்கு எட்டாவிடின், அவற்றால் அவனுக்கு ஆவது என்ன?

இவ்வினாவுக்கு விடையளித்த ஊர் ஒன்று புதுச்சேரிக்கு அருகிலே உண்டு. அதன் பெயர் வீராம்பட்டினம். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராம அறிவு மையத் திட்டத்தின் கீழ், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலே வெளிவந்த அலையுயரப் படத்தை நாள்தோறும் பெற்று, தமிழிலே எழுதி, ஒலிபெருக்கி வாயிலாக அவ்வூர் மீனவருக்கு அறிவித்தார்கள். உலகின் பெருங்கடற்படை தன் கப்பல்களுக்காக வரைந்த படம், ஒரு குப்பத்தின் ஒலிபெருக்கியிலே தாய்மொழியாய் ஒலித்தது. கடலுக்குச் செல்வதா, கரையிலே நிற்பதா என்பதை அக்குரலைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு என்னும் ஊரிலே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி நிகழ்ந்தது யாவரும் அறியவேண்டியது. சிங்கப்பூரிலே வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியிலே ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியிலே எச்சரித்தார். ஊரவர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியை முழக்கி எல்லோரையும் வெளியேறச் செய்தனர். அலை வந்து வீடுகளையும் படகுகளையும் அழித்தது. மக்கள் உயிர் தப்பினர். அங்கே உயிர் காத்தது புதுக்கருவி ஏதுமன்று. நாள்தோறும் கடற்செய்தி கேட்டுப் பழகிய காதுகளும், கேட்டதை நம்பும் பழக்கமும், தயாராயிருந்த ஓர் ஒலிபெருக்கியுமே அவர்களைக் காத்தன.

இச்சங்கிலி அறுந்தால் விளைவது என்ன என்பதை 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல் காட்டியது. இலங்கையின் தென்மேற்குப் பகுதியையும் அலைக்கழித்து, கன்னியாகுமரிக் கடலிலும் அரபிக் கடலிலும் அது சீறியபோது, பல நாள் தொழிலுக்காக முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவரைக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், பலரின் உடலும் கிடைக்கவில்லை. கைத்தொலைபேசிக்கு எட்டாத தூரத்திலும் செய்மதி வழியே எச்சரிக்கையைப் பெறத்தக்க ஜெமினி என்னும் சிறுகருவி 2019இல் வெளியிடப்பட்டது. காணாமற்போன படகு நீரோட்டத்தால் எப்பக்கம் இழுபட்டிருக்கும் எனக் கணித்துச் சொல்லும் ஏற்பாட்டை ஐதராபாத் மையம் 2016இலேயே தொடங்கியது. அதனைத் தமிழ் உட்படக் கரையோர மொழிகளிலும் பயன்படுத்தலாம். தேடும் பொறுப்பு கடற்படைக்கு மாத்திரம் உரியதென விடாது, கரையிலே காத்திருக்கும் உறவினரும் தம் மொழியிலே கேட்டறிய வழி செய்தமை பாராட்டுக்குரியது.

ஆகவே விரிகுடாவின் நாடி பார்ப்போர் என நாம் எண்ணவேண்டியவர் பலர். எதிரொலியிலே விதியைக் கண்ட குரொம்பி ஒருவர். அதனைக் கருவியாக்கிய பரிக் ஒருவர். உப்புக்காற்றிலே கம்பத்தைக் காக்கும் தொழில்நுட்பவியலாளர் ஒருவர். அளவையைப் படமாக்குங் கணினியாளர் ஒருவர். படத்தைப் பார்த்து ஊரவர் பேச்சிலே சொல்லும் குப்பத்து இளைஞர் ஒருவர். இவர்களுள் எவர் தவறினும் மற்றவர் உழைப்பு வீணாகும். முதல்வருக்கு நூல்களிலே இடமுண்டு. கடைசியிலே நிற்பவருக்கும் அந்த இடம் உரியது.

இங்கேதான் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு கடமை காத்திருக்கின்றது. விஞ்ஞானம் வடகிழக்கு நோக்கிய மேற்பரப்பு ஓட்டம் என எழுதும். மீனவன் அதனைத் தன் சொல்லிலே கேட்டால்தான் உடனே பாயைத் திருப்புவான். நீவாடு என்னும் சொல்லோடு இன்னும் எத்தனை சொற்கள் மன்னாரிலும், முல்லைத்தீவிலும், மட்டக்களப்பிலும், நீர்கொழும்பிலும் முதியோர் நாவிலே வாழ்கின்றன? அவற்றைத் தேடித் தொகுத்து, எந்தக் காற்றிலே எந்த மாதத்திலே எந்தப் பெயர் எனக் குறித்து வைப்பின், அது மொழிக்குச் செய்யும் தொண்டு. நாளை நம் கரையிலும் நீரோட்டப் படம் வரையப்படும்போது, அதனைப் படகிலுள்ளோர்க்கு எடுத்துச் சொல்லும் சொற்களும் அந்தத் தொகுப்பிலிருந்தே கிடைக்கும். புவியியல் கற்பிக்கும் ஆசிரியரும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரும் ஒரே வகுப்பறையிலே சேர்ந்து தொடங்கத்தக்க பணி இது. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கடலோரத்துப் பெரியவர் ஒருவரிடம் பொறுமையோடு கேட்கும் மனமும் போதும்.